மேடையின் இடது மூலை

மலையில் வெயில் சுடாது என்று நினைத்துத்தான் எல்லோரும் நாற்காலிகளைத் தப்பாகப் போடுகிறார்கள். சுடாதுதான், ஆனால் கண் கூசும். இரண்டு மணிக்கு மேல் சூரியன் ரோப் கார் நிலையத்தின் பக்கம் சாய்ந்துவிடும். கூட்டம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால்தான் பாதியில் எழுந்து போகாது. விடுதிக்கு முன்னால் இருக்கும் அந்தக் கல் பாவிய சதுக்கத்தில் பதினோரு வருடம் நிகழ்ச்சி நடத்தியவன் நான். இதெல்லாம் உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம் ஐயா. என்னைப் பற்றித் தெரியவேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். என் தங்கையின் கணவர். விடுதியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவர் கையெழுத்துப் போடாமல் சதுக்கத்தில் ஒரு பலூன்கூடக் கட்ட முடியாது. போன மாதம் காற்று பலமாக இருக்கிறது என்று இரண்டு நிகழ்ச்சிகளை நிறுத்தினார். இரண்டு முறையும் மைக்கைப் பிடித்துக் கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்டவன் நான். இரண்டாவது முறை பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் சதுக்கத்தை வெளியாளிடம் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீ கொடுத்துத்தான் சொன்னார்.

அன்று சிறுவர் பாட்டுப் போட்டி, குழுவுக்கு நாற்பது பிள்ளைகள், மூன்று பாட்டு. ஓர் இலைகூட அசையவில்லை. இரண்டேகால் மணிக்கு மாப்பிள்ளை மேடைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, கொஞ்சம் உள்ளே வரச் சொன்னார். மேடை நாலடி உயரம், சுற்றிலும் கறுப்புத் துணி. குனிந்து போனேன். இடது மூலையில் இருந்த இரும்புக் காலில் டார்ச் அடித்துக் காட்டினார்.

"வெல்டிங் விட்டிருக்கு பாருங்க. நாப்பது புள்ளைங்க ஏறினா தாங்காது. இன்னிக்கு வேணாம் மச்சான்."

ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றேன். முடியாது என்றார். உங்கள் மருமகளும்தானே அதில் ஏறுகிறாள் என்று கேட்டார். என்னவோ என் தங்கை மகள்மேல் எனக்கு அக்கறையே இல்லாததுபோல. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

நிகழ்ச்சி இல்லை என்று அறிவிக்கத் திரும்பினார். மேடைக்கால் முடுக்கும் பெரிய ஸ்பேனர் கீழே கிடந்தது. ஒரு தடவை அடித்தேன். உங்கள் ஆட்களிடம் முதலில் அப்படித்தான் சொன்னேன். அடித்தது மூன்று தடவை. முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. அவர் திரும்பி ஏதோ கேட்க வந்தார், இரண்டாவது வாயில் விழுந்தது. மேலே பலகை தாழ்வாக இருந்ததால் கையை ஓங்க இடமில்லை. இல்லாவிட்டால் மூன்று தேவைப்பட்டிருக்காது. அவர் பையிலிருந்த அனுமதிப் படிவத்தை எடுத்து அவர் கையெழுத்தை நானே போட்டேன். கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். சரியாக மூன்று மணிக்குத் தொடங்கிவிட்டோம்.

இரண்டாவது பாட்டில் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் தாளத்தோடு சேர்ந்து வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு தாளம் நின்ற இடத்திலும் வந்தது. மருமகள் முன்வரிசை ஓரத்தில் நின்றிருந்தாள். ஒன்பது வயது. பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து, "மாமா, கீழ யாரோ தட்டுறாங்க" என்றாள்.

"பலகை ஆடுது கண்ணு. நீ கீழ பாக்காம நல்லா சத்தமா பாடு."

ஒலிபெருக்கிக்காரரிடம் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரியும். ரோப் காரில் இறங்கினால் ஆஸ்பத்திரி பத்து நிமிடம். அதையும் யோசித்தேன். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் துணியை விலக்கி உள்ளே போனேன். படுத்தபடியே டார்ச்சால் அந்த இரும்புக் காலைத் தட்டிக்கொண்டிருந்தார். என் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டார். பல் போன வாயில் வார்த்தை குழறியது. தன்னைத் தூக்கிவிடச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"புள்ளைய எறக்கிடுங்க மச்சான்."

அதற்குப் பிறகு அடித்ததை நான் எண்ணவில்லை. மேலே நாற்பது பிள்ளைகளும் பாடிக்கொண்டிருந்தார்கள், பிசிறில்லாமல். அவர் கை விட்டதும் ஒரு கட்டையைத் தேடி எடுத்து அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். மேடை தாங்கியது ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மருமகளின் குழுவுக்குத்தான் முதல் பரிசு. கோப்பையை என் கையால் கொடுத்தேன். அப்பா எங்கே மாமா என்று கேட்டாள், வேலையாக இருக்கிறார் என்றேன்.

விசாரணையைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்தீர்களானால் நல்லது. என் தங்கையால் தனியாகச் சமாளிக்க முடியாது. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் நானும் பக்கத்தில் இல்லையென்றால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?