கரை வெட்டாத ஜீன்ஸ்

வெட்டு மேசைக்கு வேந்தராய், இந்த விழாவுக்குத் தலைவராய் வீற்றிருக்கும் எங்கள் கட்டிங் மாஸ்டர் அவர்களே! மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதுபெரும் தையற்கலைஞர்களே! ஊசி ஏறிய விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநிமிடமே மெஷினில் உட்காரும் தாய்மார்களே! காஜா மெஷினில் பதினோரு வருடம் பட்டன் ஓட்டை போட்டுவிட்டு, இன்று இந்த மைக் முன்னால் வந்து நிற்கும் ஒருத்தியின் வணக்கம்!

யாரது, "சுருக்கமாப் பேசு" என்பது? இஸ்திரிப் பிரிவா? சுருக்கம் உங்களுக்கு ஆகாதே ஐயா, சற்றுப் பொறுங்கள்!

இன்று நம் பட்டறையில் பெண்களுக்கான ஜீன்ஸ் பிரிவு திறக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் ஏறியிருக்கிறேன்.

நாம் தைப்பது என்ன துணி? தொட்டால் துவளும் துணியா? இருபத்தொரு அவுன்ஸ் டெனிம்! தரையில் நிறுத்தினால் தானாகவே நிற்கும். குறுகிய தறியில் நிதானமாக நெய்த துணி. இரண்டு ஓரத்திலும் தறியிலேயே கட்டி முடித்த கரை, கரையில் ஒரு சிவப்பு நூல். காலை மடித்துவிட்டால் வெளிப்பக்கத் தையலில் அந்தச் சிவப்பு தெரிய வேண்டும். அதுதான் நம் அடையாளம்! அதுதான் நம் அகங்காரம்!

ஆனால் கரை நேர்க்கோடு. பெண்ணின் இடுப்பு நேர்க்கோடா? பக்கத்தை வளைத்து வெட்டினால் கரை போய்விடும். வெட்டாமல் விட்டால் தொடையில் பிடிக்கும், இடுப்பில் இரண்டு கை நுழையும். ஆகவே பெண்கள் தைத்தோம், ஆண்கள் அணிந்தார்கள். இதோ நான்காவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே என் அண்ணி, இடுப்புப் பட்டி தைப்பவர், பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் ஜீன்ஸ் தைத்தார்? அதில் ஒன்றாவது அவருக்குப் பொருந்தியதா? நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

போன வருடம் நம் வியாபாரி வந்து, "லேடீஸுக்கு இதே துணியில வேணும். கரையும் இருக்கணும், இடுப்பும் நிக்கணும். முடியலைன்னா வேற இடம் பாத்துக்கறேன்" என்றார். தலைவர் அவர்கள் சொன்னது நினைவிருக்கும்: "அது நடக்காதுங்க. கரையை வெட்டினாத்தான் இடுப்பு வரும்."

அவர் வெட்டுவதைப் பார்த்துப் பார்த்தே வெட்டப் பழகியவள் நான். சும்மா இருந்தேனா? "மாஸ்டர், கத்தரியை எங்கிட்ட குடுங்க. வரலைன்னா காஜாவுக்கே போயிடறேன், இனிமே கத்தரி பக்கமே திரும்ப மாட்டேன்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

கொடுத்தார். கரையை வெட்டாமல், இடுப்பின் இரு பக்கமும் மடிப்புப் பிடித்துத் தைத்த முதல் சாம்பிள் அண்ணிக்கு அளவெடுத்தது போல் அமர்ந்தது. எல்லோரும் கைதட்டினீர்கள். பெருமையோடு வெந்நீரில் ஊறப்போட்டேன். காய்ந்து வந்தால், பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவே நான்கு விரற்கடை! தண்ணீர் படாத டெனிம் சுருங்கும் என்பது நம் பட்டறைப் பூனைக்கும் தெரியும். அதை ஊறவைத்த பிறகுதான் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. "பொம்மைக்குப் போட்டுப் பாரும்மா" என்றார் தலைவர். (நீங்கள்தான் ஐயா, சிரித்து மழுப்ப வேண்டாம்!) அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டாவது சாம்பிளை ஊறவைத்துக் காயவைத்து, அதன் பிறகே அண்ணிக்குக் கொடுத்தேன். தொடை சரி, முட்டி சரி, பின்னிடுப்பில் மட்டும் பள்ளம். அண்ணி அசரவில்லை. கொடியில் மாட்டும் கிளிப் ஒன்றை எடுத்துப் பின்னிடுப்பின் நடுவில் இறுக்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். "பக்கத்துல பிடிச்சா குத்துதும்மா, நடுவுல பிடிச்சா நல்லா நிக்குது" என்றார்.

நடுவில்! பிறகு பக்கத்தை நான் ஏன் தொட வேண்டும்? பின்பாக்கெட்டுக்கு மேலே வைக்கும் யோக் துண்டை நடுவில் அகலமாக, ஓரத்தில் ஒல்லியாக வெட்டினேன். பின்தையலை வளைத்தேன், உள்தொடைத் தையலை வளைத்தேன். வளைய வேண்டியதெல்லாம் அங்கே வளைந்தது. வெளிப்பக்கக் கரை கோடு கிழித்தது போல நேராக இறங்கியது!

வியாபாரி வந்தார். அண்ணியை நடக்கச் சொன்னார், நடந்தார். உட்காரச் சொன்னார். அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழே உருண்டு கிடந்த நூல்கண்டைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார். இடுப்பு இடுப்பிலேயே நின்றது. வியாபாரி தாமே குனிந்து காலை மடித்துப் பார்த்தார். சிவப்பு நூல்! "பிரமாதம். இந்த சாம்பிளைக் கழட்டிக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

கூப்பிட்டால்கூடத் தலையாட்டலில் பதில் சொல்லும் என் அண்ணி, அன்று வாய் திறந்தார். "வேற தச்சுத் தரோம் சார். இதைக் கழட்ட மாட்டேன். பதினாறு வருஷமா ஊருக்கெல்லாம் தச்சேன். இது எனக்குத் தச்சது."

கைதட்டுங்கள் தாய்மார்களே, அந்த வாய்க்குக் கைதட்டுங்கள்!

வியாபாரி முந்நூறு ஜீன்ஸ் கேட்டிருக்கிறார், கொடுப்போம். ஆனால் முதலில் தைக்கும் நாற்பது ஜீன்ஸ் இந்தப் பட்டறையின் வாசலைத் தாண்டாது. இங்கே தைக்கும் நாற்பது பெண்களுக்கு அவை! நாளைக் காலை டேப்போடு நிற்பேன். வெட்கப்படாமல் வாருங்கள். ஒருத்தி கூட வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. மூச்சை நன்றாக விட்டுக்கொண்டு நில்லுங்கள், உங்கள் உடம்பு எப்படியோ அப்படியே வெட்டித் தருகிறேன்!

கத்தரியை நம்பிக் கொடுத்த தலைவருக்கு நன்றி. காதைக் கொடுத்த உங்களுக்கு நன்றி. கழட்ட மாட்டேன் என்ற அண்ணிக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்!