திருப்பிச் சொல்லாத பச்சை

ராத்திரி ரெண்டேகால் மணி. ஒத்தைத் தண்டவாளம். ரெண்டு பக்கமும் பாறை… ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது.

கதவைச் சாத்திட்டு இப்படிக் கிட்ட வாங்க. இது என் சிநேகிதனோட தாய்மாமாவுக்கு நடந்தது. நானும் அவரை மாமான்னுதான் கூப்பிடுவேன். கூட்ஸ் வண்டி டிரைவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தெரிஞ்சிருந்தா இந்நேரம் ஆபீசரா ஆகியிருப்பார்.

அவர் ஓட்டினது பழைய டீசல் இன்ஜின். பார்த்திருப்பீங்க… முன்னாடி நீளமா ஒரு மூக்கு, அப்புறம் ஆள் உக்கார்ற அறை, பின்னாடி குட்டியா இன்னொரு மூக்கு. யார்டுல பெட்டி கோர்க்கவும் அதுதான், ராத்திரி முழுக்க லோடு இழுக்கவும் அதுதான். எந்தப் பக்கமும் ஓடும், திருப்பி நிறுத்துற வேலையே இல்ல. ஆனா நீள மூக்கை முன்னாடி வச்சு ஓட்டறதுதான் அந்தக் காலத்துப் பழக்கம். ஏன்னா அதை ஓட்ட வந்தவங்க எல்லாம் கரி இன்ஜின் ஆளுங்க. கண்ணு முன்னாடி அவ்வளவு இரும்பு இருந்தாத்தான் அவங்களுக்குத் தைரியம். எங்கயாவது மோதினா முதல் அடியை மூக்கு வாங்கிக்கும், நாம பிழைச்சுக்கலாம்னு ஒரு கணக்கு.

பிழைக்கறது சரி… பாதை தெரியணுமே? டிரைவர் உக்கார்றது வலது ஓரம். பாதை இடது பக்கம் வளைஞ்சா மூக்கு மறைச்சுடும், சிக்னல் அவர் கண்ணுக்கே வராது. இடது ஓரத்துல இருக்கிற அசிஸ்டென்ட் பார்த்து "பச்சை"ன்னு சத்தமா சொல்லணும். டிரைவர் "பச்சை"ன்னு திருப்பிச் சொல்லணும். அது சட்டம்.

அப்படித் திருப்பிச் சொல்லித்தான் மாமா ஒரு தடவை மாட்டிக்கிட்டார். அசிஸ்டென்ட் தூக்கக் கலக்கத்துல பச்சைன்னான், இவரும் பச்சைன்னார், வண்டி சிவப்பைத் தாண்டிடுச்சு. யாருக்கும் அடிபடல. ஆனா ஆறு மாசம் வேலை இல்லாம வீட்டுல உக்கார வச்சுட்டாங்க. இன்னொரு தடவை நடந்தா நிரந்தரமா வீடுதான்.

திரும்ப டியூட்டிக்குக் கிளம்பற அன்னைக்கு அத்தை வாசல்ல மறிச்சு சத்தியம் வாங்கினாங்க. "உங்க கண்ணு பார்க்காததை உங்க வாய் சொல்லக் கூடாது." மாமா சத்தியம் பண்ணிட்டார். ஷெட்டுக்குப் போனா, அவருக்குப் போட்டிருக்கிற அசிஸ்டென்ட்டுக்குப் பட்டப்பேரே கொட்டாவி. சிரிக்காதீங்க… மாமாவுக்கு இனிமே இடது பக்கத்துக் கண்ணே அவன்தான்.

ரெண்டேகாலுக்கு அந்தப் பாறைகளுக்கு நடுவுல நுழையறாங்க. மழை தூறுது. திடீர்னு அறைக்குள்ள மணி அடிச்சது. இன்ஜின் தண்ணி சூடாயிடுச்சு. மூக்கோட ஓரமா வெளியில ஒரு நடைபாதை இருக்கும், கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நுனி வரைக்கும் போய்ப் பார்க்கணும்.

"வளைவு வர்றதுக்குள்ள வந்துடு" ன்னார் மாமா.

"இதோ வந்துட்டேன் அண்ணே" ன்னு டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போனான் கொட்டாவி.

மணி நின்னுடுச்சு. ஆனா அவன் வரல. வளைவு வந்துடுச்சு… இடது பக்கம். மாமா வேகத்தைக் குறைச்சார். உள்ளங்கை வேர்த்து, பிரேக் கைப்பிடி வழுக்குது.

"பச்சை."

இடது பக்கத்துல இருந்து. நிதானமான குரல்.

"பச்சை" ன்னார் மாமா. பழக்கதோஷம். சிக்னலைக் கடக்கும்போது பார்த்தார்… ஈரத் தண்டவாளத்துல பச்சை மினுங்குது. சரியாத்தான் சொல்லியிருக்கான். அப்பாடா, வந்துட்டான்னு நினைச்சார். ஆனா கதவு சத்தம் கேக்கலையேன்னு ஒரு உறுத்தல்.

இன்னும் கொஞ்ச தூரம்.

"மஞ்சள்."

"மஞ்சள்." அதுவும் சரி. இன்ஜின் சத்தத்தை அடக்கிட்டு வண்டியை மெல்ல உருள விட்டார். அப்பதான் வாசனை வந்தது. டீசல் இல்ல… நனைஞ்ச கரியோட வாசனை. அந்த இன்ஜின்ல கரிக்கு என்ன வேலை?

மாமா முன் கண்ணாடி வழியா நிமிர்ந்து பார்த்தார். மூக்கோட நுனியில டார்ச் வெளிச்சம். கொட்டாவி இப்பதான் திரும்பி நடந்து வர்றான்… ஒவ்வொரு அடியா.

இடது பக்கம் திரும்பிப் பார்க்க மாமாவுக்குக் கழுத்து வரல. சீட்டு மட்டும் கிறீச்… கிறீச்னுது. யாரோ ஜன்னலுக்கு வெளிய எட்டிப் பார்க்கிற மாதிரி.

மூணாவது சிக்னல். வளைவுலயே மோசமான வளைவு அதுதான்.

"பச்சை."

ரெண்டு தடவை சரியாச் சொன்ன குரல். அங்கேர்ந்து மேடு வேற, லோடு வண்டி. காரணம் இல்லாம நிறுத்தினா திரும்ப நகராது, முதல் நாளே எழுதிக் கொடுக்கணும், வேலை போனாலும் போகும். கை தானா வேகம் கூட்டற லீவர் பக்கம் போகுது. வாய் தானா திறக்குது… அத்தை முகம் ஞாபகம் வந்தது. உதட்டைக் கடிச்சுக்கிட்டார்.

"பச்சை…" இப்போ குரல் காதுகிட்ட. "திருப்பிச் சொல்லு."

உதடு கிழிஞ்சு ரத்தம் வழியற அளவுக்குக் கடிச்சார். பிரேக்கை முழுசா இழுத்தார். க்றீச்… வண்டி மொத்தமும் குலுங்கி நின்னுச்சு.

இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தார். மூக்குக்கு இருபதடி முன்னாடி சிக்னல். சிவப்பு. அதுக்கு அந்தாண்ட, கூப்பிடு தூரத்துல, ஒரு பயணிகள் வண்டியோட கடைசிப் பெட்டி நிக்குது. உள்ள அத்தனை பேரும் தூங்கிட்டிருக்காங்க.

மாமா அங்கேயே ஜல்லி மேல உக்காந்து அழுதார். பயத்துல இல்ல. கடைசி நேரத்துலயாவது சத்தியத்தைக் காப்பாத்திட்டோமேன்னு.

கொட்டாவி இறங்கி வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்துச்சு.

"அண்ணே… உள்ள உங்க கூட யாரு?"

மாமா எழுந்து இன்ஜினைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் உங்க ஜன்னலுக்கு வெளியதான் வந்து நின்னேன். பச்சைன்னு ஒருத்தர் சொன்னார். நீங்களும் பச்சைன்னு திருப்பிச் சொன்னீங்களே அண்ணே… சொல்லிட்டு ஏன் பிரேக் போட்டீங்க?"

"நான் வாயே திறக்கல" ன்னார் மாமா. பேசும்போது உதட்டுல இருந்து ரத்தம் சொட்டுது.

"உங்க குரல்தான் அண்ணே. எனக்குத் தெரியாதா?"

கொட்டாவி அதை யார்கிட்டயும் எழுதிக் கொடுக்கல. நல்ல பையன். மாமா மறுநாளே ஷெட்டுல வேலை வாங்கிக்கிட்டார். இப்போ தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறார்.

ஆனா அத்தை சொல்றாங்க… சில ராத்திரி, தூங்கிட்டிருக்கும்போது "பச்சை"ன்னு குரல் கேக்குமாம். மாமா குரலேதான். எழுந்து லைட்டைப் போட்டுப் பார்ப்பாங்க. மாமா முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருப்பாராம். ரெண்டு கையாலயும் வாயை இறுக்கிப் பொத்திக்கிட்டு.