மஞ்சள் பெயிண்ட் அடித்த அடுப்படி

பாத்திரம் கழுவும் தொட்டிக்கென்று பலகையில் வட்டம் போட்டு அறுத்தேன், சார். தொட்டியாக வைத்த கிண்ணம் விளிம்பில் உட்காராமல் நேராக உள்ளே விழுந்தது. அளவெடுத்தவனும் நான், அறுத்தவனும் நான் என்பதால் யாரையும் திட்ட வழியில்லை.

பெயர் தனபால். குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் இருபது வருடமாக ஸ்டோர்கீப்பர். தச்சுவேலை தெரியாது, தெரிந்த மாதிரி காதில் பென்சில் செருகிக்கொள்ளத் தெரியும். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அடுப்படி ஒன்று செய்து தருகிறேன் என்று சும்மா சொல்லிவைத்தேன். மோனிஷா டீச்சர் அதை நம்பி, பஞ்சாயத்து மெம்பரைத் திறப்புவிழாவுக்கே அழைத்துவிட்டார்.

தோட்டத்தில் கழித்துப்போட்ட அலமாரி ஒன்று கிடைத்தது. பழைய சிடி நான்கைக் கறுப்படித்து அடுப்பாக ஒட்டினேன். திருகுவதற்குச் சோடா மூடி. ரிசார்ட்டில் கழற்றி எறிந்த குழாய். பிள்ளைகள் தினமும் வேலியைப் பிடித்துக்கொண்டு, அடுப்பு ஆச்சா மாமா என்று கேட்பார்கள். பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

கிண்ணம் விழுந்த வேகத்தில் அலமாரியின் அடித்தட்டு விரிந்தது. மேலே ஒரு பலகையை வைத்து ஆணியடித்து, மஞ்சள் பெயிண்ட் மூன்று கோட் அடித்தேன்.

திறப்புவிழாவில் முதல் தோசை எனக்குத்தான். சுட்டவள் இந்து, நாலு வயது. தேங்காய்ச் சிரட்டையில் வெள்ளையாக என்னவோ வைத்து நீட்டினாள். வாயருகே கொண்டுபோய்ச் சப்புக்கொட்டினேன், ஏப்பமும் விட்டேன். "நல்லாருக்கு தாயி, உப்புதேன் கொஞ்சம் கம்மி" என்றேன். மெம்பர்கூடச் சிரித்தார். டீச்சர் போட்டோ எடுத்தார்.

மதியத்துக்கு மேல் மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி. இரண்டு பேர் தேறிக்கொண்டார்கள். இந்துவுக்கு வலிப்பு வந்து, மலையிறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சந்தேகம் அன்று பிள்ளைகளுக்குப் போட்ட உப்புமாவின் மேல் விழுந்தது. அதைக் கிண்டியவள் ஆயா சின்னத்தாய். விசாரிக்க வந்தவர்கள், ரவையில் வாடை வந்ததா என்று அங்கே இருந்த என்னையும் கேட்டார்கள். வந்த மாதிரிதான் இருந்தது என்றேன். எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக்கொடுத்தேன். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அரிசியும் வெல்லமும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "நீங்க ஒருத்தர்தேண்ணே என்னைய நம்புறீக" என்று அழுதாள். நானும் கூடவே அழுதேன்.

டீச்சர்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விழா அன்று சாயங்காலமே அடுப்படியை ஏன் எடுத்துப் போனீர்கள் என்றார். பெயிண்ட் உரிகிறது, திருப்பி அடிக்க வேண்டும் என்றேன். அதற்குள் எரித்தும் ஆகியிருந்தது. உப்புமாதானே காரணம் என்று டாக்டரைக் கேட்டேன். ரிசல்ட் வரட்டும் என்றார். டீச்சரைக் கேட்டேன், உங்களுக்கு ஏன் இத்தனை கவலை என்றார்.

அந்த அலமாரி மருந்து ரூமில் இருந்தது, சார். ஏலக்காய்ச் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து. அடித்தட்டு விரிந்தபோது இடுக்கெல்லாம் வெள்ளைப் பொடி. இருபது வருடமாக நான் முகர்ந்த வாடைதான். ஆனால் விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது, பலகையும் ஆணியும் கையில் இருந்தன. பலகை ஒரு மூலையில் தூக்கிக்கொள்ளும் என்று யார் கண்டது? சிரட்டையில் இருந்ததைச் சாக்பீஸ் பொடி என்றே நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று இந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். பிஸ்கட் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அம்மாக்காரி டீ போட உள்ளே போன நேரம், அதை எதற்குத் தாயி தின்றாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

பிள்ளை பிஸ்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது:

"நல்லாருக்குன்னு நீங்கதேன மாமா சொன்னீக. நீங்க வேலிக்கு அங்கிட்டு கொட்டிட்டு, சோப்பு போட்டுப் போட்டு கையக் கழுவுனீக. மிச்சத்த நாங்க தின்னோம்."