வாதுமைத் தோப்புச் சாலையின் பெயரைக் கேட்டவர்

ஸஹ்லே நகரில், விசாரணை நீதிபதி முன்னிலையில், சாட்சி சொல்லச் சொல்ல எழுத்தரால் எழுதப்பட்டது.

பெயர்: ரபாப். கணவர்: காலஞ்சென்ற சையது முஹ்சின் தாஹிர். வயது: நாற்பத்தொன்பது. தொழில்: வீட்டு வேலை. படிப்பு: பள்ளிக்கூடம் போனதில்லை, எழுதவும் வாசிக்கவும் தெரியும். இருப்பிடம்: பால்பெக் வட்டாரம், ஐன் தூத் கிராமம், பள்ளிவாசலுக்கு மேற்புறம் உள்ள வீடு.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ஓட்டுநர் ஜாபிர் என் உடன்பிறந்த தம்பி. என் கணவர் போகவிருந்த சாலையை முந்தின நாளே வெளியாருக்குச் சொல்லி, அவரைக் கொல்ல வைத்ததாக ஜாபிர் ஒப்புக்கொண்டான் என்று ஒரு தாளை, என் கணவர் தலைமை வகித்த இயக்கத்தின் காவல் பிரிவினர் இங்கே கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாள் நிலைத்தால் அவனுக்குத் தூக்கு என்பது எனக்குத் தெரியும். தம்பியைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்பதும் தெரியும். ஆகையால் கண்டதைக் கண்டது என்றும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே சொல்கிறேன். வீட்டுக் கணக்கையும் அப்படித்தான் வைத்து வருகிறேன். வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம்.

என் கணவரைப் பற்றி முதலிலிருந்து சொல்லும்படி நீதிபதி அவர்கள் கேட்டதன் பேரில் சொல்கிறேன். அவர் ஐன் தூத்தில் கல் உடைத்துப் பிழைத்த ஒரு சையது குடும்பத்தில் பிறந்தவர். மீசை அரும்பும் வயதில் மார்க்கக் கல்விக்காக வேறு நாட்டிலுள்ள நஜஃப் நகருக்குப் போனார். ஒரு கோடையில் ஊருக்கு வந்தபோது எங்களுக்குத் திருமணம் நடந்தது. அதன் பிறகு நானும் அவருடன் நஜஃபுக்குப் போய், ஒரு சந்துக்குள் வாடகை அறையில் குடியிருந்தோம். பக்கத்து அறையில் ஷேக் சுஹைர் இருந்தார். அவரும் எங்கள் வட்டாரத்துக்காரர், என் கணவருடன் ஒரே ஆசிரியரிடம் ஓதியவர். எங்கள் மூத்த பிள்ளை ஜவாத் அந்த அறையில் காய்ச்சல் கண்டு இறந்தான். அந்த வாரம் என் கணவரை அந்நாட்டுப் போலீஸார் பிடித்துப் போயிருந்தார்கள். ஊரடங்கு என்பதால் குழி வெட்டுகிறவர் வெளியே வரவில்லை. ஷேக் சுஹைர்தான் பிள்ளையைக் குளிப்பாட்டி, தன் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு போய், தானே குழி தோண்டி இறக்கினார். இதை நான் மறக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். என் கணவர் சிறையிலிருந்து வந்தபோது அவருடைய இரண்டு விரல்களில் நகம் இல்லை. பிள்ளை போன பிறகும் அபூ ஜவாத், ஜவாதின் தந்தை என்றே எல்லோரும் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். என்னையும் உம்மு ஜவாத், ஜவாதின் தாய் என்றே கூப்பிட்டார்கள்.

அதன் பிறகு எங்களை அந்நாட்டிலிருந்து வெளியேற்றினார்கள். நாங்கள் இருவரும் ஷேக் சுஹைரும் ஒரே லாரியில் எல்லை தாண்டி வந்தோம். ஊரில் அப்போது விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. என் கணவர் முதலில் பள்ளிவாசலை ஒட்டி ஒரு ரொட்டி அடுப்பு போட்டார், அதன் பிறகு ஒரு மருந்தகம் திறந்தார், அதன் பிறகுதான் துப்பாக்கிகள் வந்தன. முதல் துப்பாக்கியை என் கோதுமை மாவுத் தொட்டிக்குள் வைத்தார்கள். நான் மாவை வேறு இடத்துக்கு மாற்றினேன். பிறகு மாற்ற இடம் போதவில்லை. இளைஞர்கள் வந்து அவர் கையை முத்தமிட்டுப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள்.

பாலத்துக் காவல் சாவடியைத் தாக்கச் சொன்னது அவர்தானா என்று நீதிபதி அவர்கள் கேட்டார்கள். ஆம், அவர்தான். அதை என்னிடம் அவர் மறைக்கவில்லை, நானும் இங்கே மறைக்கவில்லை. அந்தச் சாவடியில் மகனை இழந்த ஒரு தாய் எங்கள் வாசலில் நின்று, "என் மவன என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம கூட்டிட்டுப் போனீங்க. இப்ப படத்த மட்டும் கொண்டாந்து குடுக்கிறீங்களா?" என்றாள். அதன் பிறகு என் கணவர் வியாழன்தோறும் அவள் வீட்டு வாசலில் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அவள் கடைசி வரைக்கும் கதவைத் திறக்கவில்லை.

போன குளிர்காலத்தில் ஹெர்மெல் பக்கத்து ஆட்களுக்கும் எங்கள் இயக்கத்துக்கும் சண்டை வந்தது. இரண்டு பக்கமும் ஒரே கலிமா, ஒரே கர்பலா, சில வீடுகளில் ஒரே தாய் வயிறு. அவர்களுடைய தலைவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சண்டையை முடித்து, ஊருக்குள் துப்பாக்கி எடுக்கக்கூடாது என்று உறுதி வாங்கப் போவதாக என் கணவர் சொன்னார். ஷேக் சுஹைர் அப்போது இயக்கத்தில் இரண்டாவது இடத்தில் இருந்தார். அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசியது திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"அபூ ஜவாத், நம்ம பசங்கள சுட்டவனுங்க அவனுங்க. அவனுங்க வீட்டுல போய் காப்பி குடிக்கப் போறீங்களா?" என்றார்.

"காப்பி குடுத்தா குடிப்பேன். சுட்டா சாவேன். ரெண்டுக்கும் நீ வர வேணாம்."

"துப்பாக்கியக் கீழ வச்சா நம்மள வெறும் முல்லான்னு சொல்லிடுவாங்க."

"முல்லாதானே நான்? வேற என்னன்னு நெனச்சிட்டு இருந்த?"

அதன் பிறகு ஷேக் சுஹைர் எழுந்து போய்விட்டார். நான் கோப்பைகளை எடுக்கப் போனபோது அவருடைய காப்பி வைத்தபடியே ஆறிக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் மனதில் ஒரு வழக்கை வைத்திருப்பவன்தான் காப்பியைத் தொடமாட்டான். அத்தனை வருடங்களில் எங்கள் வீட்டில் அவர் காப்பியை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. இது நான் கண்டது. அதற்கு என்ன பொருள் என்பது ஊகம்.

சம்பவத்தன்று காலையில் ஜாபிர் எங்கள் முற்றத்தில் காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். "அக்கா, நீ சுடுற ரொட்டியவே சக்கரத்துல மாட்டிடலாம். அம்புட்டு உறுதி" என்றான். முற்றத்தில் டெலிபோன் கிடையாது. வாசலுக்கு யாரும் வரவில்லை. கார் புறப்படும் வரை அவன் என் அடுப்படி ஜன்னலுக்கு நேரேதான் இருந்தான்.

ஹெர்மெலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பெரிய சாலை, மற்றது வாதுமைத் தோப்புச் சாலை. எந்த வழியில் போவது என்பதை என் கணவர் இஸ்திகாரா பார்க்காமல் முடிவு செய்யமாட்டார். ஊரில் எல்லோருக்கும் வேதத்தைத் திறந்து இறைவனிடம் நல்லதா கெட்டதா என்று கேட்டுச் சொல்பவர் அவர்தான். ஆனால் தன் காரியத்துக்குத் தானே பார்க்கமாட்டார். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கிற வைத்தியன் பொய்தான் சொல்வான் என்பார். அவருக்கு எப்போதும் பார்த்துச் சொல்வது ஷேக் சுஹைர். இதில் ஒரு முறை உண்டு. கேட்பவர் தன் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பார்ப்பவரிடம் சொல்ல வேண்டியதில்லை. வேதத்தைத் திறக்கிறவர் வருகிற வசனத்தைப் பார்த்து நல்லது, நல்லதல்ல என்று மட்டும் சொல்வார். அவர்கள் இருவரும் நஜஃபிலிருந்து அப்படித்தான் செய்து வந்தார்கள். இயக்கத்தில் யாருக்கும் அவர் போகும் வழி தெரியாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம்.

அன்று காலையில் என் கணவர் கூடத்து டெலிபோனைச் சுழற்றி, "சுஹைர், ஒரு இஸ்திகாரா பாரு" என்றார். நான் அடுப்படியில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பேசியது மட்டும்தான் என் காதில் விழுந்தது, மறுமுனையில் பேசியது கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, "எப்பிடி வந்துச்சு?" என்றார். அதன் பிறகு, "எதுக்குக் கேக்குற?" என்றார். அதன் பிறகு, "வாதுமைத் தோப்பு வழியா இன்னைக்கிப் போகலாமான்னுதான்" என்றார். அதன் பிறகு, "சரி, லுஹர் தொழுதுட்டே கெளம்புறேன்" என்று சொல்லி டெலிபோனை வைத்தார்.

கேள்வியை ஏன் சொன்னீர்கள் என்று நான் அவரிடம் கேட்டேன். வசனம் இரண்டு பக்கமும் சாய்கிற மாதிரி வந்ததாம், விஷயம் தெரிந்தால்தான் பொருள் சொல்ல முடியுமாம் என்றார். வழி நல்லதுதான், லுஹருக்கு, அதாவது நண்பகல் தொழுகைக்குப் பிறகு போவது மேல் என்று வந்ததாம். இத்தனை வருடங்களில் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே என்றேன். "அவனுக்கு வயசாகுது. எனக்கும் ஆகுது. உனக்கு மட்டும்தான் ஆகல" என்று சிரித்தார்.

வசனம் தெளிவாக வராவிட்டால் விஷயத்தைக் கேட்பது வழக்கத்தில் இல்லாததா என்று நீதிபதி அவர்கள் கேட்டார்கள். வழக்கத்தில் உண்டு. அதனால்தான் என் கணவர் சொன்னார்.

அதன் பிறகு அவர் லுஹர் தொழுதார், பயறும் சோறும் கொஞ்சம் சாப்பிட்டார், காரில் ஏறினார். நான் எப்போதும் போலக் கார் கதவருகே நின்று அவர் தலைக்கு மேல் வேதத்தை உயர்த்திப் பிடித்தேன். அவர் அதன் கீழே குனிந்து ஏறி உட்கார்ந்து, "தோப்பு வழியா விடு" என்றார். ஜாபிர், "அந்தக் குழியிலயா? இப்பத்தானே டயர மாத்துனேன். முன்னாடியே சொல்லியிருந்தா பழசையே விட்டிருப்பேனே" என்று முனகினான். முந்தின நாளே வழியை விற்றவன் இப்படிப் பேசமாட்டான். இது ஊகம். அவன் அப்படிப் பேசியது நான் கேட்டது.

தோப்புச் சாலையில் ஓர் ஊற்று உண்டு. பெரிய சாலையில் கிடையாது. என் கணவர் யாரையும் பார்க்கப் போகும் முன், தொழுகைக்குச் செய்வது போல் முகம் கைகால் கழுவி ஒளுவைப் புதுப்பித்துக்கொள்வார், ஊற்றைக் கண்டால் காரை நிறுத்தச் சொல்வார். இது அவருடன் ஒரு தடவை பயணம் செய்தவருக்கும் தெரியும். ஆகவே சாலையின் பெயர் தெரிந்தவருக்குக் கார் எங்கே நிற்கும் என்பதும் தெரியும்.

அந்த ஊற்றுக்கு எதிரே தோப்புக்குள்ளிருந்து ராக்கெட் விட்டிருக்கிறார்கள். ஜாபிர் குடத்தில் தண்ணீர் பிடிக்க இறங்கியிருந்ததால் பிழைத்தான். அவனுக்கு இடது காது போய்விட்டது. தலைவர் செத்த காரிலிருந்து ஓட்டுநர் மட்டும் ஏன் இறங்கினான் என்பதுதான் அவன் மேல் சொல்லப்படும் பெரிய சான்று. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் பார்த்தேன். என் கணவரின் சட்டைக் கைகள் இரண்டும் முழங்கை வரை மடித்துவிடப்பட்டிருந்தன. ஒளு செய்யப் போகிறவர்தான் அப்படி மடிப்பார். தம்பி தானாக இறங்கவில்லை, அவர் சொல்லித்தான் இறங்கினான். நானே அந்தக் கைகளை இறக்கிவிட்டேன். அதற்கு முன் என் மகள் ஸைனாவையும் பார்க்கச் சொன்னேன். அவளையும் விசாரிக்கலாம்.

அதன் பிறகு ஜாபிரை ஆஸ்பத்திரியிலிருந்தே இயக்கத்தார் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் துக்க மஜ்லிஸில் ஷேக் சுஹைர் மிம்பர் மேடையில் ஏறிப் பேசினார். பெண்கள் பக்கத்தில் நானும் இருந்தேன். நம் சையது அன்று இஸ்திகாரா பார்க்காமல் புறப்பட்டார், ஓட்டுநரை நம்பினார், நம்பிக்கைதான் அவரைக் கொன்றது என்று சொல்லி அழுதார். கண்ணீர் உண்மையாகவே வந்தது. நான் திரைத்துணியை விலக்கிப் பார்த்தேன்.

மஜ்லிஸ் முடிந்ததும் அவரைக் கூடத்துக்கு வரச் சொல்லி, திரைக்குப் பின்னால் நின்று, அன்று காலையில் சையது உங்களுக்குத்தானே டெலிபோன் செய்தார் என்று கேட்டேன். நாங்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"உம்மு ஜவாத், துக்கத்துல இருக்கிற காது இல்லாததையும் கேக்கும்."

"அன்னைக்கிக் காலையில எனக்குத் துக்கம் இல்லையே, ஷேக்."

"இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

இல்லை என்றேன். நான் கேட்டதற்கு அவர் இல்லை என்று சொல்லவில்லை, வேறு யாரிடம் சொன்னேன் என்றுதான் கேட்டார். காப்பி கொண்டுவந்து வைத்தேன். அன்று முழுவதையும் குடித்தார்.

மறுநாள் அரிசியும் எண்ணெயும் கொண்டு இரண்டு ஆட்கள் வந்தார்கள். எனக்குக் காவல் என்று சொல்லி வாசலிலேயே தங்கிவிட்டார்கள். அதன் பிறகு பழுது பார்க்க வேண்டும் என்று கூடத்து டெலிபோனைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது பழுதாகவில்லை. இன்று பால்பெக்கில் உள்ள அடக்கத்தலத்துக்கு ஸியாரத் போவதாகச் சொல்லிப் புறப்பட்டேன். அவர்களும் கூடவே வந்தார்கள். பெண்கள் வாசலுக்குள் ஆண்கள் வர முடியாது. நான் உள்ளே ஸலாம் சொல்லிவிட்டு மறுவாசல் வழியாக வெளியேறி, வாடகைக் காரில் இங்கே வந்தேன். இதை நான் இங்கே சொல்லிவிட்டேன் என்பது இனி அவர்களுக்குத் தெரியவரும். யார் மூலம் என்பது எனக்குத் தெரியாது. இந்த அறையில் இருப்பவர்கள் நீதிபதியும் எழுத்தரும் நானும்தான்.

ஷேக் சுஹைர் கொலை செய்தார் என்று நான் சொல்லவில்லை. நான் அதைக் காணவில்லை. சாலையின் பெயர் லுஹருக்கு முன் என் கணவருக்கும் எனக்கும் டெலிபோனின் மறுமுனையில் இருந்தவருக்கும் மட்டுமே தெரியும் என்று சொல்கிறேன். ஜாபிருக்குத் தெரியாது.

எழுதியதை வாசிக்கக் கேட்டபோது, "சுஹைர், ஒரு இஸ்திகாரா பாரு" என்று நான் சொன்ன இடத்தில் "ஒருவருடன் டெலிபோனில் பேசினார்" என்று இருந்தது. பெயர் அவசியம்தானா என்று எழுத்தர் கேட்டார். அவசியம் என்றேன். நீதிபதி அவர்கள் உத்தரவின்படி பெயர் சேர்க்கப்பட்டது. திருத்திய இடத்தில் என் ஒப்பம் இருக்கிறது.

இதன் படியைச் சிறையில் என் தம்பிக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். வலது பக்கம் நின்று வாசிக்க வேண்டும்.

கடைசியாக நீதிபதி அவர்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இங்க வர்றதுக்கு முன்னாடி இஸ்திகாரா பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சந்தேகம் இருக்கிற காரியத்துக்குத்தான் இஸ்திகாரா, கடமைக்கு இல்லை. ஆகவே பார்க்கவில்லை.

மேலே கண்டவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்ட பின் நானும் ஒரு தடவை என் கண்ணால் வாசித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ரபாப், ஜவாதின் தாய்.