மாடி வீட்டு முதல் விருந்தாளி

— அந்தக் கட்டில அங்கன போடாதீங்க. ஜன்னலோரமா இழுங்க.

— ஏட்டி ஜெயா, கட்டிலுன்னா சுவத்தோட ஒட்டித்தான் போடணும். பட்டாளத்துல இருபது கட்டில் போட்டாலும் ஒரே லைன். அச்சா? ஒரு நூலு கோணாது.

— இங்க இருபதா கெடக்கு? ஒத்தக் கட்டில், யாரோட கோணப் போகுது? ஜன்னலோரமா இழுங்கன்னா இழுங்க. காலைல கண்ணு முழிச்சா கோபுரம் தெரியணும்.

— நாள் வாடகைக்கு வாரவன் கோயில்ல போயிக் கும்பிட மாட்டானா? படுத்துக்கிட்டேதான் கும்பிடுவானாக்கும்?

— படுத்துக்கிட்டே கும்பிட ஒரு நாளு குடுத்து வச்சிருக்கணும்ல. இழுங்க.

— இந்தா, இழுத்தாச்சு. ராஜபாளையத்துல இருந்து வண்டில கொண்டாந்து மாடியேத்துனப்பக்கூட இடுப்பு இம்புட்டு வலிக்கல. ஆமா, தலகாணி உறை என்ன பூவும் பிஞ்சுமா இருக்கு? நைட்டித் துணியா?

— தளவாய்புரத்துல நைட்டி தச்சு மிச்சம் விழுற துணி. கன்னத்துல வச்சுப் பாருங்க, எம்புட்டு மெத்துன்னு இருக்குன்னு.

— பட்டாளத்துல நாங்க பூட்ஸத் தலைக்கு வச்சுத் தூங்குனவங்க.

— அதை வாரவுக கிட்ட சொல்லிறாதீங்க, வாடகையத் திருப்பிக் கேப்பாங்க. அந்தக் கண்ணாடிய எறக்கி மாட்டுங்க.

— கண்ணாடிக்கு என்ன? என் மொகம் நல்லாத் தெரியுதே.

— உங்க மொகம் தெரியும், நீங்க பனைமரம். என் உசரத்துல ஒருத்தி வந்தா வகிடு மட்டுந்தான் தெரியும். கீழ நம்ம வீட்டுலயும் கல்யாணமான நாள்ல இருந்து வகிடைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— சொல்லிருக்கலாம்ல?

— ஆணி அடிச்சவுக கேட்டிருக்கலாம்ல?

— அச்சா, அச்சா. எறக்கியாச்சு. வேற?

— கதவுக்கு உள்பக்கம் தாப்பா.

— எதுக்குட்டி? வெளிய திண்டுக்கல் பூட்டு தொங்குது, யானை இழுத்தாலும் வராது.

— பூட்டு ஆளு இல்லாத வீட்டுக்கு. உள்ள ஒருத்தி இருந்தா அவளுக்குத் தாப்பா வேணும்.

— நம்ம ரூமுக்கே உள்தாப்பா கெடையாது. நாம இருக்கலியா?

— இருக்கம். செத்த நேரம் தலைய சாய்ச்சா, மூக்குக் கண்ணாடி எங்கன்னு நீங்க வருவீங்க. அது உங்க மூக்குலயே இருக்கும். நீங்க போன பொறவு உங்க தங்கச்சி வருவா, கறிக்கு மசாலா அரைச்சியா மதினின்னு. வாரவளாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்.

— சரி, தாப்பாளும் போட்டுருவோம். வினோத்து சென்னைல உக்காந்துக்கிட்டு போன்ல நாலு போட்டோவத் தட்டி விட்டான், "அப்பா, வீட்டை விளம்பரம் பண்ணியாச்சு"ன்னு. இங்க என் முதுகெலும்பு தனியாக் கழண்டு வருது.

— நேத்து ஏதோ ரூல்ஸு சொன்னீங்களே, இன்னொருக்கா சொல்லுங்க.

— கேட்டுக்க. ஹவில்தார் பாண்டிச்செல்வம் வீட்டுல விருந்தாளி தான் குடிச்ச தம்ளரைக்கூடத் தானே கழுவப்படாது. கதவத் தட்டாம நம்ம ஆளு எவனும் உள்ள நொழையப்படாது. காலைல காபிய நானே மாடிக்குக் கொண்டாருவேன். சீனி எம்புட்டுன்னு கேட்டுத்தான் போடுவேன். ஆபீசர் மெஸ்ல அப்படித்தான்.

— யாரு வந்தாலும்?

— சிப்பாய் வந்தாலும் ஜெனரல் வந்தாலும். ஆர்டர்னா ஆர்டர்.

— ஆண்டாள் மேல சத்தியமா?

— ஆண்டாள் மேல சத்தியம். உனக்கு எதுக்குட்டி இம்புட்டுச் சந்தேகம்?

— சும்மாத்தான். பேச்சு பேச்சா இருக்கணும்ல. அப்படியே டீத்தூளும் ஒரு டப்பா வாங்கி வச்சுருவோம்.

— அது மட்டும் நடக்காது. அண்டா அண்டாவா டீய ஊத்தி என் நாக்கையே கொன்னுட்டானுவ. ரிட்டயர் ஆகி வந்த அன்னைக்கே சொன்னேன்ல, இந்த வாசப்படிய டீ தாண்டப்படாதுன்னு.

— வாரவ டீ குடிக்கிறவளா இருந்தா?

— நம்ம வீட்டுக் காபிய வேண்டாம்னு சொல்ல நாக்கு வருமாட்டி? இத்தன வருசத்துல இந்த வீட்டுல ஒருத்தராச்சும் கொறை சொல்லிருக்கமா?

— சொல்லலதான்.

— பொறவென்ன? சரி, மொத ஆளு யாரு? வினோத்து உங்கிட்டத்தான சொல்லிருக்கான்.

— ஒத்தப் பொம்பள. ரெண்டு நாளைக்கு. இன்னைக்கே வாரா.

— ஒத்தையாவா? புருசன்?

— இருக்காரு. அவரு வரல.

— ஏன் வரல? சண்டையா? வம்ப வெல குடுத்து வாங்கப்போறமா?

— விருந்தாளிய வாசல்ல நிக்க வச்சு வெசாரிக்கணும்னு ரூல்ஸ்ல இருக்கா?

— இல்ல… எந்த ஊருக்காரி?

— சுந்தரபாண்டியம்.

— சுந்தரபாண்டியமா! பஸ்ல ஏறி உக்கார்றதுக்குள்ள வந்துருமே. அங்கன இருந்து வாரவளுக்கு ரூம் எதுக்கு? உன் பொறந்த ஊருக்காரியாச்சே, உனக்குத் தெரிஞ்சவளா?

— நல்லாத் தெரியும். ஆடி பொறந்தா அவஅவ பொறந்த வீட்டுக்குப் பொட்டியத் தூக்கிருதா. இவளுக்குப் போறதுக்கு வீடு இல்ல. ஆத்தாவோட அது முடிஞ்சுபோச்சு. பொம்பளைக்குப் பொறந்த வீட்டுலதாங்க விருந்தாளின்னு பேரு. உக்காந்த எடத்துக்குச் சோறு வரும். வேற எங்க போனாலும் அடுப்படி எங்க இருக்குன்னுதான் காட்டுவாங்க.

— அடப் பாவமே. அவ புருசன் ஒரு வார்த்தை கேக்க மாட்டானா, எங்கயாச்சும் போயிட்டு வாரியான்னு?

— அந்த மனுசனுக்குக் கேக்கத் தோணல. மத்தபடி நல்ல மனுசன்தான்.

— என்ன நல்ல மனுசன்? மடப்பய! என் கைல கெடச்சான்னா வெயில்ல நிக்க வச்சு டிரில் எடுத்துருவேன்.

— எடுங்க, எடுங்க. இப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வாங்க. வாரப்போ கால் கிலோ பால்கோவா.

— ஊருக்குத் திரும்பிப் போறவளுக்குத்தானட்டி பால்கோவா?

— வந்ததும் திங்கட்டும். இந்த ஊருல இருந்துக்கிட்டு பால்கோவா திங்காதவ எத்தன பேரு இருக்கா, உங்களுக்கு என்ன தெரியும்? கெளம்புங்க.

— ஹலோ, ஜெயாவா? சுந்தரபாண்டியம் பஸ் வந்து, ஆள எறக்கி, திரும்பியும் போயாச்சு. எறங்குனது ரெண்டு பெருசும் ஒரு ஆட்டுக்குட்டியும். உன் ஆளக் காணும்.

— அவ வந்துட்டா. நீங்க வாங்க.

— வந்துட்டாளா? எந்த வழியா வந்தா?

— மாடிப்படி வழியா.

— என்னது? ஹலோ… ஹலோ…

— ஏட்டி ஜெயா! கீழ வீடு பூட்டிக் கெடக்கு, எங்கன இருக்க?

— மாடில. ஏறி வாங்க.

— கதவு ஏன் உள்ள தாப்பாப் போட்டிருக்கு? தொற.

— தட்டுங்க. ரூல்ஸு.

— இந்தா, தட்டியாச்சு. விருந்தாளி உள்ள இருக்காளா? நான் வரலாமா?

— தொறந்துதான் இருக்கு இப்ப. வாங்க.

— என்னட்டி இது, புதுச்சேலையும் பையுமா? அவ எங்க?

— நாந்தான். சுந்தரபாண்டியம் கருத்தையா மக. ஆடிக்கு வந்திருக்கேன்.

— ஜெயா…

— ரெண்டு நாளு.

— உங்கண்ணன் அந்த வீட்டை வித்த அன்னைக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. உனக்கு ஒண்ணும் இல்லன்னுல்ல நெனச்சேன்.

— நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. அன்னைக்கு அழுதா ராத்திரிக்கு யாரு தோசை சுடுறது?

— அப்ப அந்த மடப்பய நாந்தானா?

— நான் நல்ல மனுசன்னுதான் சொன்னேன். மடப்பயன்னது நீங்க.

— சரிட்டி… ராத்திரிக்குச் சோறு?

— விருந்தாளிட்ட கேக்குற கேள்வியா இது?

— கீழ துணி வேற ஊறிக்கிட்டுக் கெடக்கே.

— ஆண்டாள் மேல சத்தியம் பண்ணது யாரு?

— அச்சா. ஆர்டர்னா ஆர்டர். வாங்கம்மா, உக்காருங்க. இல்ல, அங்கன இல்ல, ஜன்னலோரமா உக்காருங்க. இந்தாங்க, பால்கோவா. செத்த நேரத்துல சூடா காபி கொண்டாரேன். சீனி எம்புட்டுப் போடட்டும்?

— காபி வேண்டாங்க. எனக்குச் சின்னப்புள்ளைல இருந்தே டீதான் பிடிக்கும்.