பிரிந்திருக்கும் விதங்கள் தீர்ந்த வீடு

மேடையை நிறைத்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, சக ஆசிரியப் பெருமக்களே, கலங்கி நிற்கும் உறவுகளே! நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. மறைந்த என் மைத்துனர், கணிதப் பேராசான், வரிசைகளின் சக்கரவர்த்தி மேல் ஆணையாகச் சொல்கிறேன்!

அவர் எப்படிக் கற்பித்தார்? ஐந்து நாற்காலி, ஐந்து மாணவர். நூற்றிருபது விதமாக உட்காரலாம். அதில் சண்டைக்காரர் இருவர் பக்கத்தில் பக்கத்தில் வருவது எத்தனை? இருவர் தோளிலும் ஒரே சால்வையைப் போட்டார்.

“இப்ப இவங்க ஒரே ஆளு. ஆக நாலு ஆளு, இருபத்துநாலு விதம். சால்வைக்குள்ள ரெண்டு பேரும் இடம் மாறினா இன்னொரு இருபத்துநாலு. நாற்பத்தெட்டு!”

“சார், இவன் என்னைக் கிள்றான் சார்!”

“ஒரே ஆளுதானேடா? உன்னை நீயே கிள்ளிக்கிட்டா நான் என்ன பண்றது?”

வகுப்பு சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூரை அரையடி எழும்பி இறங்கியது!

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் என்ன நடந்தது? மனைவி, மகள், பேச்சை முறித்துக்கொண்ட இரண்டு மகன்கள், அவர். கூடத்துச் சுவரோரம் வரிசையாக அவரவர்க்கு ஒரு நாற்காலி.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: “மச்சான், இவனுங்க ரெண்டு பேரும் தள்ளித்தள்ளி உக்கார எழுபத்திரண்டு விதம் இருக்கு. அத்தனையும் உக்காந்து பாத்துட்டானுங்க. மிச்ச நாற்பத்தெட்டுல ஒண்ணையாச்சும் பாத்துட்டுப் போவேனா?”

பார்க்காமலே போனார்.

அவர் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தோம். மறுநாள் காலை என் தங்கை கூப்பிட்டாள். “அண்ணே, நாற்காலிங்க இடம் மாறியிருக்கு. நான் தொடவே இல்லண்ணே.”

நாலு நாற்காலி, இருபத்துநாலு வரிசை. காலைக்கொரு புது வரிசை! ஒன்றைக்கூட இரண்டாம் முறை வைக்காத அந்தக் கை யாருடைய கை? ஒவ்வொரு வரிசையிலும் மகன்களின் நாற்காலிகள் தள்ளியே நின்றன. பன்னிரண்டாம் காலை, கூடமெங்கும் சாக்பீஸ் வாசனை. தங்கை மெதுவாகச் சொன்னாள்:

“பிரிஞ்சிருக்கிற விதமெல்லாம் தீந்துபோச்சுண்ணே.”

மிச்சமிருப்பதும் பன்னிரண்டுதான். அத்தனையிலும் அவர்கள் சேர்ந்தே ஆக வேண்டும்! அந்தக் கணக்கிலிருந்து தப்ப எவனால் முடியும்?

ஆசானே! உம் சால்வையை இனி நான் சுமப்பேன். முறைத்துக்கொண்டு நிற்கும் இருவரை எங்கே கண்டாலும் அவர்கள் தோளில் போடுவேன்!

சரி, கூரை எழும்பவில்லை. நாற்காலிகள் நகர்ந்ததும் என் கைச்சரக்கே. ஒன்று மட்டும் நிஜம். முன்வரிசையில் பெரியவனும் சின்னவனும் கூட்டம் தொடங்கியதிலிருந்து தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டிப் பார்க்காதீர்கள். உட்காரவைத்தது நான் இல்லை.