தேர் மாதிரி போன கார்

பெரிய காஞ்சிபுரத்தில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட் வாசலில் என் ஸ்கூட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். அதை யாரும் இடிப்பதில்லை; இடித்தாலும், ஏற்கெனவே இருக்கும் நசுங்கல்களில் புதியது எதுவென்று எனக்கு அடையாளம் தெரியாது. அப்போது வாட்ச்மேன் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"வண்டி தானாதான் சார் போச்சு. தேர் மாதிரி, அவ்ளோ மெதுவா. பார்த்துக்கினே நின்னுட்டேன்."

ஒரு வெள்ளைக் காரின் முகப்பு தூணில் நசுங்கியிருந்தது. ஓட்டி வந்தவர் கத்தினார்.

"ஹேண்ட் பிரேக் போடாதீங்கன்னு சொன்னது நீதானப்பா?"

"போட்டா எப்படி சார் வண்டியத் தள்ளி அடுத்தவங்களுக்கு இடம் பண்றது? எப்பவும் சக்கரத்துக்குக் கல்லு வைப்பேன், இன்னிக்கி மறந்துட்டேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் சார்."

"இது என் மச்சான் காருப்பா! அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பின் கதவு திறந்து, கலைந்த கொண்டையோடு அவர் மனைவி இறங்கினார்.

"ஏங்க, ஊஞ்சல்ல ஆடுற மாதிரியே இருந்துச்சி. பொண்ணு கல்யாண வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து இப்பதான் நல்லாத் தூங்கினேன்."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையைத் தட்டிக் காட்டிவிட்டு வாட்ச்மேன் பக்கம் திரும்பினார்.

"யாருய்யா இதுக்குப் பொறுப்பு?"

"நான்தாம்பா," என்றார் அந்த அம்மா. "தூக்கத்துல கால் பட்டு பிரேக் விட்டுப்போச்சு."

"பின் சீட்டுலேர்ந்தாம்மா?"

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் கால் நீளம். வேணும்னா எங்க அண்ணனையே கேளு, அவரு காருதான் இது."